குளிர்காலத்திலும் உறையாத ஆர்க்டிக் விரிகுடா: கோங்ஸ்ஃபியோர்டன் பற்றிய கேள்விக்குப் பதில்

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் விரிகுடாவில் மார்ச் மாதம் ஒரு படகு சாதாரணமாக ஓடுவதை வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: வட துருவத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கடல் ஏன் உறையவில்லை, பூமி சூடாவதுதான் காரணமா, இந்தியாவுக்கு அங்கே என்ன வேலை? மூன்று கேள்விகள்தான். ஆனால் உங்களை உறுத்துவது நடுவில் இருப்பது என்று தோன்றுகிறது. அந்த ஒரு காட்சியைப் பருவநிலை மாற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான் விஷயம். நான் படித்தது கடலின் வெப்பம், உப்பு, நீரோட்டம் பற்றி. கடலடியில் நங்கூரமிட்டு நிறுத்தும் கருவிகள் தரும் தரவுகளோடு பல வருடங்களாக மல்லுக்கட்டி வருகிறேன். அதனால் தண்ணீரைப் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். பறவை, சீல் பற்றியதெல்லாம் அந்தத் துறைக்காரர்களிடம் கற்றது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த விரிகுடாவின் வாய்ப்பக்கம் குளிர்காலத்தில் திறந்து கிடப்பது புதிதல்ல. உள்பக்கம் திறந்து கிடப்பதுதான் புதிது. வீடியோ எந்தப் பக்கம் எடுத்தது என்று தெரியாமல் அதை எதற்கும் சாட்சியாக்க முடியாது.

இடத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோங்ஸ்ஃபியோர்டன் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில், 79 டிகிரி வடக்கில் இருக்கிறது. பழைய ஆங்கில வரைபடங்களில் கிங்ஸ் பே என்று இருக்கும். பனியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகள் அரித்துத் தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்து உண்டானது. நீளம் சுமார் 20 கி.மீ., அகலம் இடத்துக்கு இடம் 4 முதல் 10 கி.மீ. வாய்ப்பக்கம் 300 மீட்டருக்கு மேல் ஆழம். உள்ளே போகப் போக ஆழம் குறையும். லோவேன் தீவுகள் என்ற குட்டித் தீவுகளைத் தாண்டினால் கடைசிப் பகுதி 100 மீட்டருக்கும் குறைவு. வடக்கே கிராஸ்ஃபியோர்டன் என்ற இன்னொரு விரிகுடா. இரண்டும் ஒரே வாய் வழியாகக் கடலைப் பார்க்கின்றன. கடைக்கோடியில் குரோனெப்ரேன், கோங்ஸ்வேகன், கோங்ஸ்பிரேன் போன்ற பனியாறுகள் மலையிலிருந்து இறங்கிக் கடலில் வந்து முடிகின்றன. அவற்றுக்குப் பின்னால் பனிக்கு மேலே தலை நீட்டும் மூன்று சிகரங்களுக்கு ஸ்வேயா, நோரா, டானா என்று பெயர். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றையும் குறிக்கும் பெயர்கள். தென்கரையில் நி-ஓலெசுண்ட் என்ற சிற்றூர். குளிர்காலத்தில் முப்பது பேர் அளவில் இருப்பார்கள், கோடையில் நூற்றைம்பது வரை போகும். எல்லாரும் ஆராய்ச்சியாளர்கள், அல்லது அவர்களுக்குச் சமைத்து, மின்சாரம் கொடுத்து, படகு ஓட்டுகிறவர்கள்.

இதே 79 டிகிரியில் கனடாவின் எல்ஸ்மியர் தீவைப் பாருங்கள். அங்கே கடல் வருடத்தில் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும். ஒரே அட்சரேகையில் இப்படி ஒரு வித்தியாசம் வரக் காரணம் நீரோட்டம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் நார்வே கரையோரமாக வடக்கே ஏறி, ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம் என்ற பெயரில் ஓடுகிறது. ஆர்க்டிக் பெருங்கடலுக்குள் வெப்பம் நுழையும் முக்கியமான வழி இதுதான். அந்த நீரின் வெப்பம் 3 டிகிரிக்கு மேல், பல சமயம் 5 வரைகூட இருக்கும். நமக்கு அது ஐஸ் தண்ணீர்தான். ஆனால் கடல்நீர் உறைவது மைனஸ் 1.9 டிகிரியில். அங்கே ஐந்தாறு டிகிரி கூடுதல் என்பது பெரிய சொத்து. இந்த ஏற்பாடு மனிதர்கள் நிலக்கரி எரிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பிருந்தே இருப்பது.

அடுத்து, கடல் எப்படி உறைகிறது என்பது. ஏரித் தண்ணீர் 4 டிகிரியில் கனமாகிக் கீழே போய்விடும். அதற்குக் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே நிற்கும். அதனால் மேல்பரப்பு சுலபமாக உறைந்துவிடும். உப்பு நிறைந்த கடல்நீருக்கு இந்தச் சலுகை கிடையாது. உறையும் புள்ளி வரை குளிரக் குளிரக் கனமாகிக்கொண்டே இருக்கும். மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்கும், கீழே இருக்கும் சூடான நீர் மேலே வரும், அதுவும் குளிர வேண்டும், பிறகு அதுவும் இறங்கும். இப்படி 300 மீட்டர் ஆழத் தண்ணீர் மொத்தத்தையும் குளிர்வித்து முடிப்பதற்குள் குளிர்காலமே ஓடிப்போகலாம். மேலே கொஞ்சம் உப்புக் குறைந்த நீர் படலமாக மிதந்தால் கதை வேறு. அந்தப் படலம் மட்டும் குளிர்ந்தால் போதும், உறைந்துவிடும். ஆக, காற்று எவ்வளவு குளிராக இருக்கிறது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. இலையுதிர்காலத்தின் முடிவில் விரிகுடாவுக்குள் எவ்வளவு அட்லாண்டிக் நீர் நிற்கிறது, அது எத்தனை ஆழம் வரை பரவியிருக்கிறது, மேலே எவ்வளவு நன்னீர் கலந்திருக்கிறது, இவையும் சேர்ந்துதான் அந்த வருடத்துப் பனியை முடிவு செய்கின்றன. மைனஸ் 20 டிகிரிக் காற்றடிக்கும் நாளில் கடலிலிருந்து ஆவி பறப்பதை அங்கே பார்க்கலாம்.

பனியாறு தோண்டிய இப்படிப்பட்ட விரிகுடாவை ஃபியோர்டு என்பார்கள். பல ஃபியோர்டுகளின் வாயில் பனியாறு ஒதுக்கிவிட்டுப் போன கல்மண் மேடு ஒன்று வாசற்படி போல நிற்கும். வெளியே ஓடும் கனமான நீர் அதைத் தாண்டி உள்ளே வருவது கடினம். கோங்ஸ்ஃபியோர்டனின் வாயில் அப்படி எதுவும் இல்லை. கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின், விளிம்பு வரை ஓர் ஆழமான பள்ளம் நேராகப் போகிறது. ஆகவே அட்லாண்டிக் நீர் உள்ளே வரக் கதவு எப்போதும் திறந்துதான் இருக்கிறது. பிறகு ஏன் அது வருடம் முழுக்க உள்ளே கொட்டுவதில்லை? பூமியின் சுழற்சி காரணமாக நீரோட்டங்கள் கடலடியின் சமஆழக் கோடுகளை ஒட்டியே ஓட விரும்பும். சட்டென்று திரும்பிக் கரையேறாது. அதோடு நீரோட்டத்துக்கும் ஃபியோர்டுக்கும் நடுவே குளிர்ந்த, உப்புக் குறைந்த கரையோர நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. உள்ளேயும் வெளியேயும் இருக்கும் நீரின் அடர்த்தி வித்தியாசமும் ஒரு தடுப்பாக நிற்கும். இந்தத் தடுப்புகள் கோடையில் தளர்வது வழக்கம். குளிர்காலத்தில் தளருமா என்பதுதான் கேள்வியே.

இனி பழைய சாட்சிகளைப் பார்ப்போம். கருவிகள் வருவதற்கு முந்தைய காலத்துக்கு நம்மிடம் இருப்பது கப்பல்காரர்களும் சுரங்கக்காரர்களும் விட்டுப்போன செய்திகள்தான். பாரென்ட்ஸின் டச்சுக் கப்பல்கள் 1596ல் ஸ்பிட்ஸ்பெர்கனைக் கண்டன. 1610ல் ஜோனாஸ் பூல் என்ற ஆங்கில மாலுமி இந்த விரிகுடாவில் நிலக்கரி இருப்பதைக் கண்டார். அப்புறம் திமிங்கில வேட்டை. ஆர்க்டிக்கின் மற்ற கரைகளை நெருங்கவே முடியாத காலத்தில் ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரைக்கு மட்டும் ஐரோப்பியக் கப்பல்கள் கூட்டமாக வந்தன என்றால், நீரோட்டத்தின் தயவு அன்றே இருந்தது என்றுதான் அர்த்தம். ஆனால் இவர்கள் எல்லாரும் கோடையில் வந்தவர்கள். ஜனவரியில் விரிகுடா எப்படி இருந்தது என்பதற்கு இவர்களிடம் பதில் தேட முடியாது.

நி-ஓலெசுண்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா என்ற இடத்தில் எர்னஸ்ட் மேன்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1911 வாக்கில் பளிங்குக்கல் எடுக்கப் போனார். இயந்திரங்கள், தண்டவாளம், குடிசைகள் என்று ஒரு சின்ன ஊரே எழுப்பி நி-லண்டன் என்று பெயரும் வைத்தார்கள். வெட்டிய கல் உறைபனியால் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தது. தெற்கே கொண்டுபோனதும் நொறுங்கிப் போனது. துருப்பிடித்த இயந்திரங்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. நிலக்கரிக்காரர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். நார்வேயின் ஓலெசுண்ட் நகரத்தார் 1916ல் தொடங்கிய கிங்ஸ் பே கம்பெனி, அடுத்த வருடமே நி-ஓலெசுண்டில் சுரங்கம் திறந்தது. 1929ல் மூடி, போருக்குப் பின் 1945ல் மறுபடி திறந்தார்கள். அந்த ஊரில் நிற்கும் பழைய நீராவி எஞ்சின், துறைமுகத்துக்கு நிலக்கரி இழுத்தது.

உங்கள் கேள்விக்கு நேராக உதவும் சாட்சி 1925, 1926 ஆண்டுகளின் வான்பயணங்கள். 1925 மே 21 அன்று நார்வே துருவப் பயணி அமுன்சனும் அமெரிக்கர் எல்ஸ்வொர்த்தும் என்24, என்25 என்ற இரண்டு விமானங்களில் துருவத்தை நோக்கிக் கிளம்பினார்கள். தண்ணீரில் இறங்கும் வகை விமானங்கள்தான். ஆனால் கிளம்பியது விரிகுடாவின் பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டு. எரிபொருள் நிரப்பிய அந்த விமானம் ஒவ்வொன்றும் ஆறு டன்னுக்கு மேல் கனம். மே மாதக் கடைசியில்கூட அந்தக் கனத்தைத் தாங்கும் பனி அங்கே இருந்திருக்கிறது. மறுவருடம் ஏப்ரல் இறுதியில் பேர்ட் என்ற அமெரிக்கர் தன் கப்பலோடு அதே விரிகுடாவுக்குள் வந்து சேர்ந்தார். படகுத்துறையில் இடமில்லை, விமானத்தைப் படகுகளைக் கட்டிச் செய்த தெப்பத்தில் ஏற்றி, மிதக்கும் பனித்துண்டுகளுக்கு நடுவே கரைசேர்த்தார்கள். மே 9 அன்று துருவத்துக்குப் பறந்து திரும்பியதாக அவர் அறிவித்தார்; உண்மையில் துருவத்தைத் தொட்டாரா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மே 11 அன்று அமுன்சன், எல்ஸ்வொர்த், இத்தாலியரான நோபிலே மூவரும் நார்கே என்ற ஆகாயக்கப்பலில் கிளம்பி, மறுநாள் துருவத்தைக் கடந்து அலாஸ்காவில் இறங்கினார்கள். அதைக் கட்டி வைத்த இரும்புக் கம்பம் இன்றும் ஊருக்கு வெளியே நிற்கிறது. 1928ல் நோபிலேயின் இத்தாலியா என்ற ஆகாயக்கப்பல் விபத்தில் சிக்கியது, அவரைத் தேடிப் போன அமுன்சன் திரும்பி வரவே இல்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை. நமக்கு வேண்டியது இதுதான்: நூறு வருடத்துக்கு முன் ஒரு வசந்தத்தில் விமானம் ஓடும் அளவுக்குப் பனி, அடுத்த வசந்தத்தில் கப்பல் நுழையும் அளவுக்குத் திறந்த நீர். இரண்டுமே உண்மை. இரண்டு வருடங்களை வைத்துப் பருவநிலை பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுரங்கத்தின் முடிவைச் சொல்லாமல் விட முடியாது, அங்கே ஆராய்ச்சி வந்ததே அதனால்தான். 1962 நவம்பர் 5 அன்று நடந்த வெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். சிலரின் உடல்கள் வெளியே கொண்டுவரப்படவே இல்லை. முந்தைய விபத்துகளும் சேர்ந்து பெரிய கொந்தளிப்பாகி, 1963 ஆகஸ்டில் நார்வேயின் கெர்ஹார்ட்சன் அரசு நாடாளுமன்றத்தில் தோற்றுப் பதவி இழந்தது. அடுத்து வந்த அரசு நான்கு வாரம்தான் நீடித்தது. சுரங்கம் நிரந்தரமாக மூடப்பட்டது. காலியாகிப்போன ஊருக்குள் 1960களில் செயற்கைக்கோள் தொடர்பு நிலையமும் நார்வே துருவ நிறுவனமும் வந்தன. பிறகு ஜெர்மனி, ஜப்பான், பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், கொரியா, சீனா என்று ஒவ்வொன்றாக. சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும், கரடி நாட்டில் அது கொஞ்சம் வேடிக்கைதான். நிலக்கரி வெட்டிய அதே கம்பெனி, அரசுக்குச் சொந்தமாக, இன்று ஊரை நிர்வகிக்கிறது. குவாசர்கள் என்ற மிகத் தொலைவிலுள்ள விண்பொருள்களிலிருந்து வரும் நுண்ணிய ரேடியோ அலைகளைக் கொண்டு பூமியை அளக்கும் தட்டுகள் அங்கே இருப்பதால், வைஃபை, புளூடூத் எல்லாம் தடை. செப்பலின் மலையில் 474 மீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று ஆய்வகம் உலகின் கார்பன் டைஆக்சைடு, மீத்தேன் கணக்கை வைத்திருக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று.

சரி, என்ன மாறியது? உள்பகுதியில் கரையோடு ஒட்டி உறையும் பனியை நார்வே துருவ நிறுவனம் 2003 முதல் முறையாகக் கண்காணிக்கிறது. அதற்கு முன் ஒரு சராசரிக் குளிர்காலத்தில் கடைக்கோடியும் நடுப்பகுதியின் கணிசமான பாகமும் உறையும். ஜனவரி, பிப்ரவரியில் கெட்டியாகி மே, ஜூன் வரை நிற்கும். 2005-06 குளிர்காலத்தில் அது நடக்கவில்லை. ஏன் என்பது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அந்த வருடம் தொடக்கத்தில் வடக்கிலிருந்து பலமான காற்று விடாமல் வீசியது. கரைக்கு இணையாக வடகாற்று வீசினால், பூமிச்சுழற்சியால் மேல்நீர் வலப்பக்கம், அதாவது கரையிலிருந்து விலகி மேற்கே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து அட்லாண்டிக் நீர் கண்டத்திட்டின் மேல் ஏறியது. திட்டிலிருந்து பள்ளம் வழியாக நேரே ஃபியோர்டுக்குள். குளிர்காலத்தின் நடுவில் உள்ளே சூடான நீர் நிறைந்துவிட்டால் பனி எங்கே பிடிக்கும்? விசித்திரம் என்னவென்றால், குளிரான வடகாற்று வீசித்தான் விரிகுடா சூடானது.

ஒரு வருடம் என்றால் காற்றின் விளையாட்டு என்று விட்டிருக்கலாம். அதன் பிறகு பழைய நிலை திரும்பவில்லை என்பதுதான் விஷயம். இடையே சில குளிர்காலங்களில் கொஞ்சம் கூடுதலாக உறைந்தது. ஆனாலும் பெரும்பாலான வருடங்களில் பனி கடைக்கோடியோடு நின்றுவிடுகிறது, தாமதமாக வருகிறது, மெல்லியதாக இருக்கிறது. இது அளந்து உறுதியானது. காற்றின் வெப்பமும் அப்படித்தான். நி-ஓலெசுண்டில் 1990களின் தொடக்கம் முதல் நடக்கும் நுட்பமான அளவீடுகளில், குளிர்கால மாதங்களின் சராசரி பத்தாண்டுக்குச் சுமார் 3 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்ததும் பதறுவதற்கு முன் அதன் கூடவே வரும் பிழை வரம்பையும் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் மிக அதிகம் என்பதால் அந்த வரம்பும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பெரியது. ஏறுகிறது என்பது நிச்சயம்; துல்லியமாக எவ்வளவு என்பதில் இடம் விட்டுப் பேச வேண்டும்.

இதில் மனிதனின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு? இங்கேதான் நான் குரலைத் தாழ்த்துவேன். ஸ்வால்பார்டில் 1911 முதல் வெப்பக் கணக்கு இருக்கிறது. அதில் 1920 வாக்கில் சட்டென்று ஒரு பெரிய உயர்வு, முப்பதுகள் முழுக்கச் சூடு, அறுபதுகளில் மறுபடி குளிர் என்று தெளிவாகத் தெரியும். அன்று காற்று மண்டலத்தில் கார்பன் டைஆக்சைடு இன்றைய அளவுக்கு இல்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் இயற்கையான ஊசலாட்டம் பெரியது. இதைக் காட்டி, இப்போது நடப்பதும் அதே ஊசலாட்டம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புக்கொள்ளும்படி இல்லை. இன்றைய வெப்பம் அந்த முப்பதுகளைத் தாண்டிப் போய்விட்டது, ஆர்க்டிக் முழுவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது, அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீரே முன்பைவிடச் சூடாக வருகிறது. இவை மூன்றும் சேர்ந்தால் வெறும் ஊசலாட்டம் என்ற விளக்கம் போதாது. அதே நேரம், 2006ல் கதவைத் திறந்தது அந்த வருடத்துக் காற்று. பின்னணியில் சூடாகும் கடல், முன்னால் தற்செயலான காற்று. இந்த ஒரு விரிகுடாவில் இரண்டையும் சதவீதமாகப் பிரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பனியாறுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. இங்குள்ளவை 1900 வாக்கில் மிகப் பெரிதாக இருந்தன. சில நூற்றாண்டுகள் நீண்ட ஒரு குளிர்ந்த காலத்தின் முடிவு அது. அதன்பின் அவை பின்வாங்கியதில் ஒரு பங்கு இயல்பானது. அதோடு ஸ்வால்பார்டின் பனியாறுகள் பலவற்றுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்துவிட்டு, திடீரென்று சில வருடங்கள் வேகமாகப் பாய்ந்து கடலுக்குள் நீண்டுவிடும், பிறகு மறுபடி தூக்கம். கோங்ஸ்வேகன் 1948 வாக்கில் அப்படிப் பாய்ந்தது. ஆகவே 1950ன் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவ்வளவு உருகிவிட்டது என்று காட்டினால், அதில் பாதி விளக்கம் விடுபட்டிருக்கும். இதையெல்லாம் கழித்த பிறகும் மீதி இருக்கிறது. குரோனெப்ரேன் பற்றிய ஆய்வில் ஒன்று தெளிவானது. அதன் முகம் உடைந்து விழும் வேகம் காற்றின் சூட்டோடு பொருந்துவதைவிட, ஃபியோர்டின் ஆழ்நீரின் சூட்டோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. கோடை முடிந்து காற்று குளிர்ந்த பிறகும், அக்டோபரில்கூட நீர் சூடாக இருப்பதால் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். அரித்த மேல்பகுதி சரிந்து விழும். உள்ளே வரும் அட்லாண்டிக் நீர் பனியைத் தடுப்பதோடு பனியாற்றையும் தின்கிறது. முன்பு சொன்ன புளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா, வரைபடங்களில் தீபகற்பமாகவே இருந்தது. பனியாறு பின்வாங்கி 1990களின் தொடக்கத்தில் பார்த்தால் அது ஒரு தீவு.

உயிர்களின் பக்கம் வந்தால், பனியாற்றின் முகம் வெறும் அழகுக்காட்சி மட்டுமல்ல. கோடையில் பனியாற்றின் அடியில் ஓடும் உருகுநீர் கடல் மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே வெளியே வரும். நன்னீர் லேசானது என்பதால் குபுகுபுவென்று மேலே எழும், போகிற போக்கில் ஆழத்துக் கடல்நீரையும் அதிலுள்ள மிதவை உயிரிகளையும் இழுத்துக்கொண்டு வரும். செம்மண் நிறத்தில் கலங்கிய அந்த நீரில் கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் மொய்க்கும். சிவப்பு நிறம் அங்குள்ள பழைய செம்மணற்பாறையிலிருந்து வருவது. சீல்களும் வெள்ளைத் திமிங்கிலங்களும் அங்கே கூடுகின்றன. பனியாறு கரையேறிப் போய்விட்டால் இந்த ஊற்று நின்றுவிடும். வெறும் கலங்கலான ஓடை கடலில் கலக்கும். அதாவது உருகுவது கொஞ்சகாலம் இந்த விருந்தைப் பெருக்கி, பிறகு ஒரேயடியாக நிறுத்தலாம். அந்தத் திருப்பம் எந்த வருடம் வரும் என்பது பனியாற்றுக்கு அடியில் இருக்கும் பாறை எங்கே கடல் மட்டத்துக்கு மேல் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

வளையச் சீல்களுக்குக் கடல்பனி இல்லாமல் தீராது. பனியில் உறைந்து சிக்கிய பனியாற்றுத் துண்டுகளின் ஓரத்தில் காற்று பனித்தூளைக் குவிக்கும். அந்தக் குவியலுக்குள் குகை தோண்டிக் குட்டி போடும். பனி தாமதமாகவும் மெல்லியதாகவும் வந்தால் குவியல் உண்டாக நேரமில்லை. குட்டிகள் வெட்டவெளியில் கிடந்து கரடிக்கும் நரிக்கும் பெரிய கடற்காகத்துக்கும் இரையாகின்றன. சீல் வேட்டைக்குப் பனி கிடைக்காத கரடிகள் கோடையில் லோவேன் தீவுகளுக்கு நீந்திப் போய் ஈடர் வாத்துக்கூட்டங்களின் முட்டைகளைத் தின்று தீர்க்கின்றன. கிட்டிவேக் குஞ்சுகளுக்குப் பெற்றோர் கொண்டுவரும் மீன்களில் 2006க்குப் பிறகு ஆர்க்டிக் துருவ காட் மீனின் பங்கு குறைந்து, அட்லாண்டிக் பக்கத்து மீன்களின் பங்கு கூடியிருக்கிறது. கடலடிப் பாறை ஒன்றையே 1980 முதல் வருடா வருடம் படம் எடுத்தவர்கள், தொண்ணூறுகளின் நடுவில் கடற்பாசி திடீரென்று பரவியதைக் கண்டார்கள். மெல்ல மெல்லக் கூடவில்லை. சில வருடத்தில் நிலை மாறி, அப்படியே நின்றுவிட்டது. எல்லா உயிருக்கும் இது கேடு என்றும் சொல்ல முடியாது. கிட்டிவேக் புது மீனையும் சாப்பிடும். வளையச் சீலுக்கு மாற்று வழி இல்லை.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கோங்ஸ்ஃபியோர்டன் ஆர்க்டிக்கின் மாதிரித் துண்டு அல்ல. விமான ஓடுதளமும் படகுத்துறையும் ஆய்வகமும் அமைந்துவிட்டதால் மிக அதிகமாக ஆராயப்பட்ட ஆர்க்டிக் விரிகுடாக்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அட்லாண்டிக் நீரின் வாசலில் இருப்பதால் அங்கே மாற்றம் முந்திக்கொண்டு வருகிறது. ஸ்பிட்ஸ்பெர்கனின் கிழக்குக் கரையிலேயே நிலைமை வேறு. இங்கிருந்து வரும் செய்தியைச் சைபீரியாவுக்கும் கனடாவுக்கும் அப்படியே நீட்டுவது ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட நடக்கும் ஒரு சறுக்கல்.

இந்தியாவின் கதை சற்றுப் பழையது. ஸ்வால்பார்ட் மீது நார்வேக்கு உரிமை தந்த ஒப்பந்தம் 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தானது. பிரிட்டன் தன் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவின் பெயரிலும் கையெழுத்திட்டதால், இந்தியா தொடக்கம் முதலே அதில் ஒரு தரப்பு. 2007 ஆகஸ்டில் முதல் இந்தியக் குழு போனது. 2008 ஜூலையில் நி-ஓலெசுண்டில் ஹிமாத்ரி என்ற இந்திய ஆய்வு நிலையம் திறந்தது. 2023 டிசம்பர் முதல் இருண்ட குளிர்காலத்திலும் ஆட்கள் தங்குகிறார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது 2014 ஜூலையில் விரிகுடாவுக்குள் இறக்கிய இன்ட்ஆர்க் என்ற கருவித்தொடர். 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு, அடியிலிருந்து மேல்வரை வெவ்வேறு மட்டங்களில் வெப்பம், உப்பு, நீரோட்டம் அளக்கும் உணரிகளைக் கட்டித் தொங்கவிட்ட அமைப்பு. அதை வடிவமைத்து உருவாக்கியவர்கள் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார். இருட்டிலும் புயலிலும் கப்பல் போக முடியாத மாதங்களில் ஃபியோர்டுக்குள் எப்போது அட்லாண்டிக் நீர் நுழைந்தது என்பதைச் சொல்ல இப்படிப்பட்ட கருவியால்தான் முடியும். மேலே நான் விவரித்த கதவு எந்த வாரம் திறந்தது, எந்த வாரம் மூடியது என்ற கேள்விக்கு நேரான விடை அந்தத் தரவில்தான் இருக்கிறது.

இந்தியா அங்கே போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பருவமழையும் ஒன்று. அதில் எவ்வளவு உண்மை? ஆர்க்டிக் பனி குறைவதற்கும் இந்தியாவில் பருவத்தின் பிற்பகுதியில் பெய்யும் கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2021ல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலின் கோடைப் பனியையும் மத்திய இந்தியாவின் செப்டம்பர் மழையையும். தலைப்பிலேயே 'சாத்தியமான தொடர்பு' என்றுதான் வைத்தார்கள், அது நேர்மை. புள்ளிவிவரத்தில் தெரியும் பொருத்தத்தை மேல்காற்றின் அலைகளைக் கொண்டு விளக்குகிறார்கள். விளக்கம் பொருள்படுகிறது, ஆனால் நாற்பது வருடத் தரவில் தெரியும் பொருத்தம் அடுத்த நாற்பது வருடம் நிற்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பம் பருவமழையை ஆட்டுவிப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய கை. காரா கடல் கோங்ஸ்ஃபியோர்டனிலிருந்து வெகு கிழக்கே இருப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் வடகிழக்குப் பருவமழையை ஆர்க்டிக்கோடு நேராக முடிச்சுப்போடும் செய்தி எங்காவது பார்த்தால், எந்த ஆய்வு, எந்த மாதம், எந்தக் கடல் என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்த மத்திய இந்திய ஆய்வைத்தான் இழுத்து நீட்டியிருப்பார்கள்.